கிடார் தலையில் என் பெயர்

இருபத்தாறு வருடமாக என் தோளில் தொங்கியது இன்னொருவன் பெயர். பிராம் சதேவா என்ற ராக் பாடகன். ஜகார்த்தாக்காரன், ஆறடி உயரம். அவனே வடிவமைத்தது என்று சொல்லி ஒரு கம்பெனி விற்ற மின்கிடாரைத்தான் நான் கல்யாண மேடைகளில் வாசித்துவந்தேன். கிடாரின் தலையில், தந்தி முறுக்கும் ஆணிகளுக்கு நடுவே, அவன் கையெழுத்து வெள்ளியில் மின்னும். அவனை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

எங்களுடையது டாங்டுட் என்னும் ஆட்டப்பாட்டு இசையைப் பெண்கள் மட்டுமே வாசிக்கும் குழு. எட்டுப் பேர். சிடோவார்ஜோவிலிருந்து மொஜோகெர்த்தோ வரை எந்தப் பந்தலிலும் எங்களைப் பார்க்கலாம். தொகுப்பாளர் கஸ்புன் பாடகிகளை அறிமுகம் செய்து முடித்ததும் மைக்கோடு என் பக்கம் வந்து நிற்பார்.

"இது யாரு வீட்டுக்காரரோட கிடாரு? பிராம்னு பேரு போட்டிருக்கே! அண்ணன் ஊருக்குப் போன நேரம் பார்த்து அக்கா தூக்கிட்டு வந்துட்டாங்களா?"

பந்தல் சிரிக்கும். முதல் சில வருடங்கள் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். என் பெயர் முர்த்தினி. நாற்பத்தெட்டு வயது. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. இந்த மாவட்டத்தில் என் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் ஆண் கிடார்க்காரர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிராமின் கிடாருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இடது கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்த்துச் சாய்ந்துவிடும். ஆறடி ஆண் சட்டை பேண்ட்டோடு நின்றால் இடுப்பால் ஒரு முட்டு கொடுத்துச் சமாளிப்பான். நாங்கள் கெபாயா என்ற இறுக்கமான மேல்சட்டை அணிந்து மேடை ஏறுகிறவர்கள். கால் இரண்டையும் சேர்த்துச் சுற்றிய கைலி. இடுப்பில் ஸ்தாகென், ஒரு சாண் அகலத்தில் பத்து முழத்துக்கும் மேலான முரட்டுத் துணி. அதை இறுக்கிச் சுற்றிவிட்டால் குனியவும் முடியாது, வளையவும் முடியாது. போன வருடம் கிரியானில் ஒரு கல்யாணம். இரண்டாவது பாட்டில் என் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரம் அவிழ்ந்து கண்ணுக்கு நேராக விழுந்தது. அதை ஒதுக்க எனக்குக் கை இல்லை. ஒரு கை வாசிக்க வேண்டும், இன்னொன்று கிடார் கவிழாமல் பிடிக்க வேண்டும். பாட்டு முடியும் வரை பூவுக்குப் பின்னால் இருந்தபடியே வாசித்தேன். எல்லோரும் அதை ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அதனால்தான் ஹர்சோனோ அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "உன் பேர்ல ஒரு கிடார் பண்ணப்போறேன் தினி, நீயே வடிவம் சொல்லு" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் பதினான்கு பேரை வைத்துக் கிடார் செய்கிறவர் அவர். இளவயதில் மேடையில் வாசித்தவர், இப்போது வயிறுதான் முன்னால் வரும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரோடு கிடார் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் உட்கார்ந்து படம் வரைந்து கொடுத்தேன். நிழல்கூத்துத் திரையில் முதலில் வந்து நிற்குமே குனுங்கான், அந்தக் கூர்இலை வடிவத்தில் உடல். தலையும் அதே வடிவத்தில் சின்னதாக. பாத்திக் துணியின் கருநீலமும் காவியும். தோளில் தானாக நேரே நிற்க வேண்டும் என்று கீழே இரண்டு முறை கோடு போட்டு எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து மாதிரி தயார் என்று ஆள் அனுப்பினார்.

மேசைமேல் மூடியிருந்த துணியை நானே விலக்கினேன். அவ்வளவு அழகு. ஜெப்பாராவிலிருந்து வந்த மரச்செதுக்கர் கர்யாடி இலை நரம்பு ஒவ்வொன்றையும் உயிரோடு கொண்டுவந்திருந்தார். நீலத்தின் ஓரமெல்லாம் தங்கப்பூச்சு. நான் சின்னதாக வரைந்திருந்த தலை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்திருந்தது. அதன் நடுவில், கனத்த பித்தளை எழுத்தில், முர்த்தினி. நான் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பித்தளை சில்லென்று இருந்தது.

"எப்படி?" என்றார் ஹர்சோனோ அண்ணன். "பந்தலோட கடைசி வரிசையில உக்காந்து சோறு சாப்பிடுறவன் கூட பேரைப் படிச்சிடுவான்."

உட்கார்ந்து வாசித்தேன். சத்தம் தேன். ஏறும் இடத்தில் ஏறியது, அழும் இடத்தில் அழுதது. அந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். இடது கையை எடுத்த நொடியில் கழுத்து சரசரவென்று கீழே போனது. பிராமின் கிடாரே இதற்குத் தேவலை.

மரம் நிறுக்கும் தராசில் வைக்கச் சொன்னேன். ஐந்தே கால் கிலோ. பின்பக்கம் வயிறு படியும் இடத்தில் ஒரு குழிவு வெட்டியிருந்தார்கள். அதற்குள் நான் வாணலியில் கிடக்கும் கரண்டி மாதிரி ஆடினேன்.

"இந்தக் குழி யாரு வயித்துக்கு வெட்டுனது?"

கர்யாடி சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார். "முதலாளி வயித்துக்குத்தான்க்கா. சட்டையைத் தூக்கிட்டு நின்னாரு, நான் பென்சில்ல அளவு எடுத்தேன்."

"யாராவது ஒரு ஆளு வயித்துல வெச்சுத்தானே பார்க்கணும்!" என்றார் அண்ணன்.

"நின்னு வாசிச்சுப் பார்த்தது யாரு?"

"நிக்கிறது எதுக்கு? இங்க எல்லாரும் முக்காலியில உக்காந்துதான் சோதிக்கிறோம். முப்பது வருஷமா அப்படித்தான்."

"கல்யாணத்துல எனக்கு யாரு அண்ணே முக்காலி போடுறாங்க?"

அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே விலையைச் சொன்னார். பதினான்கு மில்லியன் ரூபியா. தங்கப்பூச்சும் பித்தளையுமே அதில் பாதி. எங்கள் குழுப் பெண்கள் அந்த விலைக்கு மோட்டார் சைக்கிள் வாங்குவார்கள்.

"இந்த விலைக்கு வாசிக்கிறவ வாங்க மாட்டா. சுவத்துல மாட்டி வைக்கிறவன்தான் வாங்குவான்."

"சுவத்துல மாட்டுறவன் காசும் காசுதான்மா. ஜனங்க கிடாரைக் கண்ணால வாங்குறாங்க. காது அப்புறம். தோளு அதுக்கும் அப்புறம்."

"தோளு என்னோடது அண்ணே."

அவர் கோப்பையை வைத்தார். "செவ்வாய்க்கிழமை போட்டோக்காரர் வர்றாரு. பெசார் மாசம் கல்யாணம் ஆரம்பிக்கிறதுக்குள்ள இது கடைக்குப் போகணும். உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. டாமர் ஒரு வருஷமா என் பின்னாடி அலையுறான். எழுத்தைப் பேர்த்துட்டு அவன் பேரை வெச்சிடுறேன்."

டாமர் பெயரைக் கேட்டதும் எனக்கு உள்ளே எரிந்தது. நான் சொல்லிக் கொடுத்த விரலடிகளையே என் முன்னால் வாசித்துக் காட்டுகிற ஆள் அவன். நான் வரைந்த இலைமேல் அவன் பெயரா? "ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கு, இதை எடுத்துட்டுப் போறேன். திங்கட்கிழமை பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிடாரைப் பெட்டியில் வைத்தேன். மனசுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. பழகினால் சரியாகிவிடுமோ என்று.

சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு மேடை ஏறினோம். பெண்கள் எல்லோரும் கிடாரைச் சுற்றி நின்று வாய் பிளந்தார்கள். கஸ்புன் அன்றைக்குக் கிண்டலே செய்யவில்லை. "பாருங்கய்யா, தலையிலேயே அக்கா பேரு!" என்று கத்தினார். பந்தல் முழுக்க என் பெயரைப் படித்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நிமிடம் நான் மிதந்தேன்.

பதினொரு மணிக்கு இடது சுண்டுவிரல் மரத்துப்போனது. பன்னிரண்டுக்குத் தோள் எரிந்தது. கெபாயாவின் மார்பில் குத்திய ஊசிச் சங்கிலி கிடாரின் பின்பக்கத்தைக் கீறிக்கொண்டே இருந்தது. வியர்வையில் தங்கப்பூச்சு கரைந்து முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. இரண்டு மணிக்குக் கடைசிப் பாட்டு முடிந்தபோது இடது கை தானாகத் திறக்கவில்லை. மத்தளம் வாசிக்கும் யாயுக் வந்துதான் வாரைக் கழற்றிவிட்டாள். இருபது வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பவள் அவள்.

என் முழங்கையைப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு கையில கூட இவ்ளோ தங்கம் இல்லடி" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். "என்ன பண்ணப்போற தினி?"

"உன் ஸ்தாகெனை அவுத்துக் குடு" என்றேன். "என்னோடது மட்டும் ஹர்சோனோ அண்ணன் வயித்துக்குப் பத்தாது. ரெண்டையும் சேர்த்துத் தைக்கணும்."

திங்கட்கிழமை காலை நானும் யாயுக்கும் பட்டறைக்குப் போனோம். பதினான்கு பேரும் வேலையில் இருந்தார்கள். அண்ணன் பொரித்த தோஃபுவைக் கறுப்பு இறால் விழுதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நான் கிடார் பெட்டியை மேசைமேல் வைத்தேன். பையிலிருந்து துணியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இதைக் கட்டிக்கிட்டு, நின்னு, ஒரே ஒரு பாட்டு வாசிங்க. வாசிச்சு முடிச்சிட்டா நான் வாயே திறக்காம கையெழுத்துப் போடுறேன்."

"ஸ்தாகெனா? என் கல்யாணத்துல நானும் கட்டியிருக்கேன்."

"அன்னிக்குக் கிடார் வாசிச்சீங்களா?"

"மாப்பிள்ளை எங்க வாசிப்பான்? சிம்மாசனத்துல உக்காந்திருந்தேன்."

"அதான் உக்காந்தே பழகிட்டீங்க" என்றாள் யாயுக். பட்டறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை எழுந்து நிற்க வைத்தது.

யாயுக் துணியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மறுமுனையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தபடி, அவளை நோக்கிச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்தாவது சுற்றில் முகம் சிவந்தது. ஒன்பதாவது சுற்றில் வயிறு மேலே ஏறி மார்பாகிவிட்டது. நான் ஒரு கைலியைக் கால்கள் ஒட்டும்படி சுற்றிக் கட்டினேன். கிடாரைத் தோளில் மாட்டிவிட்டேன்.

"எந்தப் பாட்டு வேணும்?" என்றார், மூச்சில்லாத குரலில்.

"உங்களுக்குப் பிடிச்சது."

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பழைய விரல்கள், மறக்கவில்லை. முதல் அடி முடிந்ததும் இடது கையைச் சத்தம் கூட்டும் குமிழுக்குக் கொண்டுபோனார். கழுத்து தொப்பென்று சாய்ந்தது. பிடிக்கக் குனியப் பார்த்தார், துணி விடவில்லை. இடுப்பால் முட்டுக் கொடுக்கப் பார்த்தார், இடுப்பு எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. காலை அகட்டப் போனபோது கைலி தடுத்து, இரண்டு குதி குதித்துக் கர்யாடியின் தோளைப் பற்றிக்கொண்டார். பதினான்கு பேரும் உளியையும் இழைப்புளியையும் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"பாட்டு இன்னும் பாதி இருக்கு அண்ணே" என்றேன். "எனக்கு இந்த மாதிரி அறுபது பாட்டு."

அவர் சிரிக்கவில்லை. துணியை அவிழ்த்ததும் முக்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினார். கோபம் முகத்தில் இருந்தது. ஆனால் பொய்யன் இல்லை அவர். "கர்யாடி, என்ன செய்யலாம்னு பாரு" என்றார்.

கர்யாடி கிடாரை ஒரு குச்சியின் மேல் குறுக்காக வைத்து, அது நேரே நிற்கும் இடத்தைத் தேடினார். குச்சி தலையை நோக்கி நகர்ந்துகொண்டே போனது.

"உடம்புக்குத் தேக்கு வேண்டாம், சுரேன் மரம் போடலாம், லேசா இருக்கும். இலையோட ஒரு ஓரத்தைக் கொம்பு மாதிரி முன்னால இழுத்து அங்க வாரை மாட்டலாம். தங்கத்தை எடுத்துட்டு நீலத்தையே நல்லா ஏத்தலாம். குழியை அக்கா அளவுக்கு வெட்டிடுறேன். அதெல்லாம் என் பாடு." தலையைத் தொட்டுக் காட்டினார். "ஆனா இந்தத் தலை இவ்ளோ பெருசா, இவ்ளோ பித்தளையோட இருக்கிற வரைக்கும் என்ன பண்ணாலும் சாயும்க்கா. இதைப் பாதியா வெட்டணும்."

"கீழ்ப்பக்கம் ஈயம் வெச்சு ஈடு கட்டினா?" என்றேன். எனக்கும் அந்த எழுத்தை விட மனமில்லை.

"நிக்கும். முக்கால் கிலோ ஏறும்."

அண்ணன் பேசினார். "தலையை வெட்டுனா ஆறு ஆணி போக ரெண்டு விரல் இடம்தான் மிஞ்சும். அங்க பேரு போட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். மேடையில ஒருத்தனுக்கும் தெரியாது. நான் உன்னை மிரட்டலம்மா, டாமர் கதையெல்லாம் விடு. பேரா, தோளா? நீயே சொல்லு."

நான் முர்த்தினியைப் பார்த்தேன். எழுத்துகளின் இடுக்கில் நேற்றைய வியர்வை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பந்தல் அதைப் படித்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. கஸ்புனின் இருபத்தாறு வருடச் சிரிப்புக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. எனக்கு அது வேண்டும். அவ்வளவு ஆசையாக இருந்தது.

மேசைமேல் இருந்த என் இடது கையையும் பார்த்தேன். சுண்டுவிரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

"இதை வாங்கி எத்தனை பொண்ணுங்க அஞ்சு மணி நேரம் நிக்கப்போறாங்க" என்றேன். "என் பேரைத் தூக்கிப் பிடிக்கிறதுக்கு அவளுங்க கை செத்துப்போகணுமா? ரம்பத்தைக் குடுங்க."

"நான் வெட்டுறேன்க்கா" என்றார் கர்யாடி.

"நான்தான் வெட்டுவேன்."

அவர் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். ரம்பம் பித்தளையைத் தொட்ட இடத்தில் கிறீச்சென்றது. மூன்று முறை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் என் பெயர் இரண்டு துண்டாக மரத்தூளில் விழுந்தது. யாயுக் அதைப் பொறுக்கி ஸ்தாகென் துணியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

"ஏழு மில்லியனுக்கு மேல விக்க முடியாது இனி" என்று முணுமுணுத்தார் அண்ணன். பிறகு, "பேரை எங்கயாவது போடணுமே. எங்க போடட்டும்?" என்றார்.

"பின்னாடி. வயித்துல படியிற குழியில. சூட்டுக்கோலால சின்னதா எழுதச் சொல்லுங்க."

"அங்க எழுதினா யாரு பார்ப்பா?"

"மாட்டிக்கிறவ பார்ப்பா."

அன்றைக்கே கர்யாடி என் அளவு எடுக்க வந்தார். யாயுக் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, "நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றாள். போட்டோக்காரரை மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள்.

பெசார் மாதத்தின் முதல் கல்யாணம் அதே கிரியானில். புதுக்கிடார் மூன்றே கால் கிலோ. தங்கம் இல்லை. நீலம் வெயில் படும்போது கருப்பாகி, நிழலில் மறுபடி நீலமாகும். எனக்கு முதல் மாதிரியைவிட இதுதான் அழகாகத் தெரிகிறது. அப்படித்தான் நினைக்க வேண்டும் என்ற என் பிடிவாதமாகவும் இருக்கலாம். பத்து மணிக்கு ஆரம்பித்தோம். ஒரு மணிவரை தோள் என்ற ஒன்று இருப்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கஸ்புன் மைக்கோடு வந்தார். கிடாரின் தலையைக் குனிந்து பார்த்தார், சுற்றிப் போய்ப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னக்கா இது, போன தடவை இருந்த பேரைக் காணோம்! ஜனங்களே, தலையில பேரே இல்ல. அப்போ இது யாரு வீட்டுக்காரரோட கிடாரு?"

பந்தல் சிரித்தது. பின்னால் படிந்திருக்கும் எழுத்தைத் திருப்பிக் காட்டலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்போதுதான் கொண்டையிலிருந்து மல்லிகைச் சரம் நழுவிக் காதின்மேல் இறங்குவது தெரிந்தது.

நான் கிடாரை விட்டேன். இரண்டு கைகளையும் விட்டேன். நிதானமாக மேலே தூக்கி, சரத்தை அவிழ்த்து, கொண்டையைச் சுற்றி மறுபடி சுற்றி, ஊசியைப் பல்லில் கடித்து எடுத்துக் குத்தினேன். கெபாயாவின் முன்னால் கிடார் அசையாமல் நேரே நின்றது.

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கத்தில் நின்றது. மேடைக்குக் கீழே, அடுத்த குழுவில் வாசிக்க வந்திருந்த ஒரு பெண், சோற்றுத் தட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கிடாரையே பார்த்தாள். அவளும் கெபாயாவில்தான் இருந்தாள். கஸ்புன் மைக்கை வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் பிடித்தபடி நின்றார்.

"என்னோடது" என்றேன்.

யாயுக் மத்தளத்தில் ஒரு தட்டு தட்டினாள். நான் கையை இறக்கினேன். கழுத்து நான் விட்ட இடத்திலேயே இருந்தது.